ரெனோ 5 ஜி.டி. டர்போ: ஒரு ஜீர்ணோத்தாரணம்

1985-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து ரெனோ கம்பெனியார், சந்தைக்குப் போய்வரவும் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடவும் உத்தேசித்துச் செய்திருந்த தங்களுடைய ‘சூப்பர்சாங்க்’ என்ற சிறிய வண்டிக்குள், டர்போ பூட்டிய 1397 கன சென்டிமீட்டர் யந்திரம் ஒன்றைப் பொருத்தி, அதற்கு ரெனோ 5 ஜி.டி. டர்போ என்று பெயரிட்டு விற்பனைக்கு விட்டார்கள். நாற்பது வருஷங்களுக்குப் பின்னர் அதன் முன்பம்பர் ஒன்றைத் தேடி மனிதர்கள் தேசம் விட்டுத் தேசம் போவார்கள் என்று அந்தக் கம்பெனியில் அன்று ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள். வண்டியின் எடை ஏறத்தாழ 850 கிலோ; குதிரைச் சக்தியோ 115. இந்த இரண்டு எண்களின் விகிதத்தில்தான் அதன் கீர்த்தி முழுவதும் அடங்கியிருந்தது. அதன் நாசத்துக்கும் அதுவே காரணமாயிற்று. சொற்ப விலைக்குக் கிடைத்த அந்த வேகம் இளைஞர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது, அவர்களிடம் பல வண்டிகள் மரத்திலும் மதிலிலும் மோதி அழிந்தன, பல திருட்டுப்போயின, தப்பிப் பிழைத்தவற்றுள்ளும் அநேகம், இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும் என்ற ஆசைக்குப் பலியாகி, பிஸ்டன் உடைந்து பழைய இரும்புக் கடைக்குப் போயின. 1991-இல் உற்பத்தி நின்றது.

இந்த வண்டியைப் புதுப்பிக்க முற்படுகிறவர் முதலில் அதன் வம்சாவளியைத் தெரிந்துகொள்வது அவசியம். சரித்திர ஆர்வத்துக்காக அன்று, தவறான சாமானை வாங்கிப் பணத்தை இழக்காமல் இருப்பதற்காக. ‘ரெனோ 5’, ‘டர்போ’ என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்துத் தாங்கிய வண்டிகள் மூன்று வகை. முதலாவது, 1980-இல் டியெப் நகரத்து ஆல்பைன் தொழிற்சாலையில் உருவான பந்தய ஜாதி வண்டி. பின்ஸீட் இருக்கவேண்டிய இடத்தில் யந்திரத்தை வைத்து, பின்சக்கரங்களின் மேல் தகடுகளை அகலப் பிதுக்கி, 160 குதிரைச் சக்தியோடு வெளிவந்த அதை ழான் ராக்னோத்தி ஓட்டி 1981-இல் மாண்டி கார்லோ ராலியை வென்றார். அதன் யந்திரமும் 1397 கன சென்டிமீட்டர்தான். டர்போ உள்ள யந்திரத்தின் கொள்ளளவை 1.4-ஆல் பெருக்கி வகுப்புப் பிரிக்கவேண்டும் என்பது அந்நாளைய பந்தய விதியாகையால், பெருக்கிப் பார்த்தால் இரண்டாயிரத்துக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கிற அந்த எண் அவர்களுக்கு மிகவும் அநுகூலமாயிருந்தது. இரண்டாவது, பழைய ரெனோ 5-இன் உடலில், முன்புறத்து யந்திரத்தை நீளவாட்டில் வைத்த ஆல்பைன் டர்போ. இங்கிலாந்தில் அதற்குக் கோர்டினி டர்போ என்று பெயர். மூன்றாவதுதான் நம்முடைய ஜி.டி. டர்போ. 1984-இல் மார்செல்லோ கந்தினி வரைந்த சூப்பர்சாங்க் உடல் பழைய ரெனோ 5-ஐப் போலவே கண்ணுக்குத் தோன்றினாலும், அதில் யந்திரம் குறுக்குவாட்டில் கிடக்கிறது. ஆகையால் முன்னோர்களுடைய கியர்பாக்ஸும் சஸ்பென்ஷனும் இதற்குப் பொருந்தா. முந்தைய இரண்டிலும் காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறும் சிலிண்டர் தலை. இதிலோ புகுவதும் வெளியேறுவதும் ஒரே பக்கம். பெயரை மாத்திரம் நம்பி மூன்றுக்கும் பொதுவென்று எண்ணிப் பழைய சாமான்களை வாங்கிக் குவித்தவர்களுடைய கொட்டகைகளில் அவை இன்றும் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

டர்போவின்மேல் ரெனோவுக்கு இருந்த மோகம் பந்தயத்திலிருந்து வந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 1977-இல் சில்வர்ஸ்டோனில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில் அவர்கள் முதன்முதலாக ஒரு டர்போ வண்டியை ஃபார்முலா ஒன்றில் இறக்கினார்கள். அது அடிக்கடி புகைவிட்டு நின்றுபோனதைப் பார்த்து ஆங்கிலேயர்கள் ‘மஞ்சள் தேநீர்க் கெண்டி’ என்று பரிகாசம் செய்தார்கள். இரண்டே வருஷத்தில், 1979-இல், டிஜோனில் நடந்த பிரெஞ்சுப் பந்தயத்தில் ழான்-பியேர் ழபூய் அந்தக் கம்பெனியின் டர்போ வண்டியை ஓட்டி முதலிடம் பெற்றபோது பரிகாசம் அடங்கிற்று. ஜி.டி. டர்போவுக்கும் ஒரு பெருமை உண்டு. 1989-இல் ஐவரி கோஸ்ட் ராலியை, கடையில் வாங்கும் வண்டியிலிருந்து அதிகம் மாறாத ‘குரூப் என்’ வகை ஜி.டி. டர்போவில் ஆலன் ஓரேய் வென்றார். உலக ராலிப் பந்தயங்களில் அவ்வகை வண்டி ஒட்டுமொத்த முதலிடம் பெற்றது அந்த ஒரு தடவைதான். பெரிய கம்பெனிகளின் அணிகள் அந்தப் பந்தயத்தைப் பெரும்பாலும் புறக்கணித்திருந்தன என்பது உண்மையே. ஆனால் ஆப்பிரிக்கச் செம்மண் பாதையில் நாட்கணக்காக உடையாமல் ஓடியது அந்த வண்டிதானே.

யந்திரத்தைத் திறந்து பார்க்கிறவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. நார்மண்டியில் ரூவான் நகரத்தை அடுத்த க்ளேயோன் தொழிற்சாலையில் 1962 முதல் வார்க்கப்பட்ட, பக்கத்தில் கிடக்கும் கேம் ஷாஃப்டால் நெடிய தண்டுகளை உந்தி வால்வைத் திறக்கிற பழைய வார்ப்பிரும்பு யந்திரமே அது. அதன் சகோதரர்கள் ரெனோ 8-லும், ரெனோ 12-லும், ஹாலந்தில் உற்பத்தியான வோல்வோ 343-லும், ருமேனியாவில் 2004 வரைக்கும் உற்பத்தியான டாச்சியா வண்டிகளிலும், 1993-இல் வந்த முதல் ட்விங்கோவிலுங்கூட ஓடின. ஆகையால் வால்வு லிஃப்டர், டைமிங் செயின், ஆயில் பம்ப், பேரிங் முதலிய சாமான்களுக்கு இன்றும் பெரிய பஞ்சம் இல்லை. கியர்பாக்ஸும் பிற்காலத்து ரெனோக்கள் பலவற்றில் இருந்த இனத்தைச் சேர்ந்ததே. அபூர்வ வண்டி என்றால் அதன் யந்திரந்தான் அபூர்வமாயிருக்கும் என்று நாம் சாதாரணமாக நினைக்கிறோம். இதிலே விஷயம் நேர்மாறாக இருக்கிறது. யந்திரத்தின் உள்ளுறுப்புக்கள் எளிதில் அகப்படுகின்றன. பிளாஸ்டிக்கும், ரப்பரும், துணியும், டர்போவுக்கென்றே செய்த சில்லறைச் சாமான்களுந்தான் அகப்படுவதில்லை. சக்கரத்தின் மேல் வளைவுகள், வாசற்படியை மூடும் பக்கப் பட்டைகள், விளக்குகள் பதிந்த முன்பம்பர், ஸீட்டுத் துணி, கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் இவையெல்லாம் அந்த வகைக்கு மாத்திரமே உரியவை; போதாக்குறைக்கு 1987-இல் வந்த இரண்டாம் கட்ட வண்டியில் பம்பரையும் பட்டைகளையும் மாற்றிவிட்டார்களாதலால், இருக்கிற கொஞ்சமும் இரண்டாகப் பிரிந்துபோயிற்று.

ஆகவே இந்த வேலையில் அநுபவம் உள்ளவர்கள் வண்டியைக் கழற்றுவதற்கு முன்பே சாமான் தேட ஆரம்பிக்கிறார்கள். இது சிறிய விஷயம்போல் தோன்றலாம். ஆனால் பாதியில் கைவிடப்பட்டு, கதவு ஒரு மூலையிலும் யந்திரம் ஒரு மூலையிலுமாக விலைக்கு வருகிற வண்டிகளின் கதையை விசாரித்தால், பெரும்பாலும் உற்சாகத்தில் முதல் வாரமே எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பட்டைக்காகவோ கார்புரேட்டருக்காகவோ வருஷக்கணக்கில் காத்திருந்து சலித்தவர்களுடையதாகவே இருக்கும். நல்ல வழி, உடல் இற்றுப்போன இன்னொரு வண்டியை முழுதாக வாங்கி அருகில் வைத்துக்கொள்வதுதான். அதில் ஒரு நன்மை, கழற்றிய ஆணி எந்தத் துளைக்கு உரியது என்ற சந்தேகம் வரும்போது போய்ப் பார்த்துக்கொள்ள ஒரு சாக்ஷி இருக்கும். புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம்; போதாது, புகைப்படத்தில் நாம் பார்க்கவேண்டிய இடம் எப்போதும் வேறொன்றின் பின்னால் மறைந்திருக்கும்.

உடல் வேலை யந்திர வேலையை விடக் கடினம். அழகுக்காகவும் அகலமான டயரை மூடுவதற்காகவும் வைத்த அந்தப் பிளாஸ்டிக் பட்டைகளின் பின்னே மழைநீரும் சேறும் தேங்கி, வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே வாசற்படித் தகடுகள் சல்லடையாகியிருக்கும். பட்டையைக் கழற்றாமல் வண்டியின் விலையைப் பேசுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறார் என்றே சொல்லவேண்டும். பாட்டரியின் அடித்தட்டு, டிக்கியின் தரை, பின் அச்சு உடலோடு சேரும் இடம் இவையும் துருவுக்குப் பிரியமானவை. சாதாரண சூப்பர்சாங்க் வண்டிகள் லட்சக்கணக்கில் விற்றவை என்பதால், தரைத் தகடும் கதவும் அவற்றிலிருந்து கிடைக்கும். டிங்கரிங் தெரிந்தவர் வெட்டி ஒட்டிவிடலாம். ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்துப் பற்றவைக்காமல் பட்டியால் மெழுகிப் பெயிண்ட் அடிக்கிற வழக்கம் எல்லாத் தேசத்திலும் உண்டு. அது இரண்டு மழைக்காலம் தாங்கும்.

இனி யந்திரத்துக்கு வருவோம். இதில் சிலிண்டர்கள் யந்திர உடலோடு சேர்த்துக் குடையப்பட்டவை அல்ல. தனித்தனிக் குழாய்களாக மேலிருந்து இறக்கப்பட்டு, சுற்றிலும் குளிர்நீரில் நின்றுகொண்டிருப்பவை. இவற்றுக்கு லைனர் என்று பெயர். தேய்ந்தால் பிடுங்கிவிட்டுப் புதிதாக வைத்துக்கொள்ளலாம் என்ற பெரிய சௌகரியம் இதில் உண்டு. ஆனால் ஒவ்வொரு லைனரும் யந்திரத்தின் மேல்முகத்துக்கு மேலே மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு துருத்திக்கொண்டு நிற்கவேண்டும். அந்தத் துருத்தலைத்தான் சிலிண்டர் தலை கேஸ்கெட்டின் வழியாக அழுத்தி மூடுகிறது. டயல் கேஜை வைத்து நான்கையும் அளந்து, ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாமல் சரிசெய்யாவிட்டால், டர்போ அழுத்தத்தில் கேஸ்கெட் ஊதிப்போவது நிச்சயம். இன்னொரு அபாயமும் உண்டு. சிலிண்டர் தலையைக் கழற்றிய பிறகு, லைனர்களைக் கவ்விகளால் பிடித்துவைக்காமல் கிராங்கைச் சுழற்றினால், பிஸ்டனோடு லைனரும் இம்மியளவு எழும்பி, அடியில் உள்ள ஸீல் உடைந்து, குளிர்நீர் ஆயிலில் கலந்துவிடும். இதனால் பழைய ரெனோ மெக்கானிக்குகள் தலையைக் கழற்றும்போதே நேராகத் தூக்காமல், பக்கவாட்டில் மெல்லத் திருப்பி விடுவித்துப் பின்னரே எடுப்பார்கள். புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும் இந்த ஜாக்கிரதையை அலட்சியம் செய்ததால் பாழான யந்திரங்கள் கொஞ்சமல்ல.

இந்த வண்டியின் சுபாவமெல்லாம் அதன் உஷ்ணத்தில் இருக்கிறது. டர்போ என்பது, யந்திரத்திலிருந்து வீணாக வெளியேறும் எக்ஸாஸ்ட் வாயுவைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி யந்திரத்துக்குள் புகுத்துகிற கருவி. 1905-லேயே ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூகி இதற்குப் பேடண்ட் வாங்கியிருந்தார். தண்டு நிமிஷத்துக்கு லட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுச் சுழலும்; அதைத் தாங்குவது ஆயிலின் ஒரு மெல்லிய படலமே. ஜி.டி. டர்போவில் உள்ளது காரெட் கம்பெனியின் டி-2 என்ற சிறிய டர்போ. அது அழுத்திய காற்று இண்டர்கூலரில் சூடு தணிந்து, பிறகு கார்புரேட்டருக்குள் நுழைகிறது. பெட்ரோலை எலக்ட்ரானிக் முறையில் பீய்ச்சும் ஏற்பாடு மற்றக் கம்பெனிகளின் வேகவண்டிகளில் பரவிவிட்ட காலத்தில், ரெனோ ஏனோ ஸோலெக்ஸ் கார்புரேட்டரையே வைத்துக்கொண்டது. அழுத்தக் காற்று நுழைவதால் கார்புரேட்டரின் ஒவ்வொரு இடுக்கும் ஸீல் செய்யப்பட்டிருக்கவேண்டும். பெட்ரோலும் அந்தக் காற்றை விட அதிக அழுத்தத்தோடு வரவேண்டும், இல்லையேல் உள்ளேயே போகாது. இதற்கென்று விசேஷமாகச் செய்த 32 டி.ஐ.எஸ். என்ற அந்தக் கார்புரேட்டர், காற்றுக் குழாயும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால், பழுக்கக் காய்ந்த டர்போவுக்கு அருகிலேயே உட்கார்ந்திருக்கிறது. விரைந்து ஓட்டிவந்து நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்து மறுபடி கிளப்பப் பார்த்தால், உள்ளே இருந்த பெட்ரோல் கொதித்து ஆவியாகி, வண்டி லேசில் கிளம்புவதில்லை. புதிதாக இருந்தபோதே உண்டான இந்த வியாதி, கார்புரேட்டரின் த்ராட்டில் தண்டு தேய்ந்து அதன் வழியே காற்றும் பெட்ரோலும் கசியும் முதுமையில் எவ்வளவு முற்றும் என்று சொல்லவேண்டியதில்லை. புதிய கார்புரேட்டர் கிடைப்பது அரிதாகையால், லேத் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துத் தண்டின் துளையை அகட்டிப் புஷ் போட்டுக்கொள்வதே வழி.

இந்த இடத்தில்தான் பழமையைக் காப்பவர்களும் மாற்றம் செய்பவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே, கொதிக்கும் பெட்ரோலோடும் சேர்த்து, வைத்துக்கொள்ளவேண்டும் என்பது ஒரு கட்சி. கார்புரேட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு, எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் பீய்ச்சும் ஏற்பாட்டையும், பெரிய டர்போவையும், பெரிய இண்டர்கூலரையும் வைத்து இரண்டு பங்கு சக்தி வாங்கிவிடவேண்டும் என்பது மற்றொன்று. நம் கோயில்களில் திருப்பணி என்று சொல்லிக்கொண்டு கல்வெட்டின்மேல் மணலைப் பீய்ச்சித் தேய்த்தவர்களைப் பார்த்தவர்களுக்கு முதற்கட்சியின் பயம் விளங்கும். என்னுடைய அபிப்பிராயம், எந்த மாற்றமும் திருப்பிக் கழற்றக்கூடியதாக இருந்தால் அதில் பிழையில்லை என்பதே. இரண்டாம் கட்ட வண்டியில் ரெனோக்காரர்களே டர்போவின் பேரிங்கைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும்படி செய்து, தீப்பொறியின் காலத்தையும் திருத்தி, சக்தியை 120 ஆக்கினார்கள். அந்த நீர் குளிர்த்தும் டர்போவை முதற்கட்ட வண்டியில் பொருத்துவதை யார் குறைசொல்ல முடியும்? எக்ஸாஸ்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு தகட்டைக் கேடயமாக வைப்பது, யந்திரம் நின்ற பிறகும் சிறிது நேரம் கார்புரேட்டர்மேல் காற்று வீசும் சிறு மின்விசிறி வைப்பது, வெடித்துப்போகும் பழைய ரப்பர்க் குழாய்களுக்குப் பதில் ஸிலிக்கோன் குழாய் போடுவது இவையெல்லாம் ஒரு நாள் வேலையில் கழற்றிவிடக்கூடிய மாற்றங்கள். உடல் தகட்டை வெட்டிப் பெரிய இண்டர்கூலருக்கு இடம் பண்ணுவது அப்படிப்பட்டதல்ல. பிரெஞ்சுச் சட்டமும் ஏறக்குறைய இதே பக்கம் சாய்கிறது: முப்பது வருஷம் கடந்து, உற்பத்தி நின்றுபோய், முக்கியமான அம்சங்களில் மாற்றப்படாத வண்டிக்குத்தான் சேகரிப்பு வண்டி என்ற பதிவு கிடைக்கும், கிடைத்தால், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாத்திரம் பரிசோதனைக்குக் கொண்டுபோனால் போதும்.

அழுத்தத்தை ஏற்றுகிற ஆசையைப் பற்றி மாத்திரம் கொஞ்சம் கடுமையாகவே சொல்லவேண்டும். இந்த டர்போவின் அழுத்தம் சுமார் 0.7 பார். அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் வேஸ்ட்கேட் என்ற வால்வுக்குப் போகும் சிறு குழாயில், சில பணத்துக்கு வாங்கிய ஒரு திருகை வைத்துக் காற்றைக் கசியவிட்டால், அழுத்தம் ஒன்றுக்கு மேலேயும் ஏறிவிடும். வண்டியும் பாய்ந்து ஓடும். அந்தக் காலத்து இளைஞர்கள் செய்தது இதுதான். அதிகக் காற்றுக்கு ஏற்ற அதிகப் பெட்ரோலைக் கார்புரேட்டரின் ஜெட் தராது. கலவை வறண்டு, உஷ்ணம் மிகுந்து, தீப்பொறியினால் முறையாக எரிவதற்குப் பதிலாகக் கலவையின் கடைசிப் பகுதி தானாகவே வெடிக்கும். அந்த வெடிப்பின் சம்மட்டி அடியில் பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவேயுள்ள மெல்லிய விளிம்பு தெறித்துவிடும். முதலில் ஜெட்டை மாற்றி, எக்ஸாஸ்டில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் சென்ஸார் ஒன்றைப் பொருத்திக் கலவையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அழுத்தத்தைச் சிறிது ஏற்றுகிறவர்மேல் எனக்குப் புகார் இல்லை. தீப்பொறியின் காலத்தை நிர்ணயிக்கும் ரெனிக்ஸ் பெட்டியை மாற்ற நேர்ந்தால், மற்ற ரெனோக்களில் உள்ளதும் வெளியே ஒன்றுபோலவே இருக்கும் என்பதை மறக்கலாகாது. உள்ளே அடங்கிய கணக்கு வேறு. மேலே ஒட்டிய நம்பரைப் பார்த்தே வாங்கவேண்டும்.

அகப்படாத பிளாஸ்டிக்குக்கு இப்போது வழிகள் பிறந்திருக்கின்றன. உடையாத பழைய பட்டை ஒன்றை அச்சாக வைத்து ஃபைபர் கிளாஸில் வார்ப்பவர்கள் உண்டு. ஆனால் அது அசலைப் போல வளைந்து கொடுப்பதில்லை, துளைகளும் சரியாகச் சேருவதில்லை, பெயிண்ட் அடிக்குமுன் நாள்கணக்கில் தேய்த்துப் பொருத்தவேண்டியிருக்கிறது. கிளிப், குமிழ், மூடி முதலிய சிறிய சாமான்களுக்கு முப்பரிமாண அச்சு யந்திரம் பெரிய வரப்பிரசாதமாக வந்திருக்கிறது. உடைந்த கிளிப் ஒன்றை ஸ்கேன் செய்து, உடைந்த பாகத்தைக் கணினியில் பூர்த்திசெய்து, நாலைந்து அச்சடித்துக்கொள்ளலாம். டர்போவின் பக்கத்தில் மாத்திரம் அதை வைக்கக்கூடாது, இளகிவிடும். பெட்ரோல் குழாய்களை யோசிக்காமல் முழுக்க மாற்றிவிடவேண்டும். இக்காலத்துப் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலை 1985-ஆம் வருஷத்து ரப்பர் தாங்குவதில்லை, தகிக்கும் டர்போவுக்கு மேலே பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கவேண்டாம்.

இத்தனையும் கேட்ட பிறகும் ஒருவர் இந்த வண்டியை வாங்கப் புறப்பட்டால், அவர் பட்டைகளைக் கழற்றித் துருவைப் பார்க்கட்டும்; யந்திரம் நன்றாகச் சூடான பின் நிறுத்தி, ஒரு காப்பி குடித்துவிட்டு வந்து மறுபடி கிளப்பிப் பார்க்கட்டும்; ரேடியேட்டர் நீரில் ஆயில் மிதக்கிறதா என்று நோக்கட்டும். மாற்றங்கள் செய்யப்பட்ட வண்டியாயிருந்தால், கழற்றிய அசல் சாமான்கள் எங்கே என்று கேட்பது முக்கியம். பழைய கார்புரேட்டரும், டி-2 டர்போவும், அசல் இண்டர்கூலரும் ஒரு மரப்பெட்டியில் பத்திரமாக இருந்தால் அந்தப் பெட்டியையும் சேர்த்தே விலை பேசவேண்டும். விற்பவர் பெட்டியைத் தனியாக விற்கிறேன் என்றால், அவருக்கு அதன் மதிப்புத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம், வண்டியின் விலையில் கறாராகக் குறைத்துக் கேட்கலாம்.